மது விரும்பும் சுண்டெலி லைன்: எந்தக் கூட்டத்திலிருந்து தொடங்குவது, எத்தனை ஜோடி, பாட்டிலில் எதை அளப்பது?

#1 செவ்வானம்

வணக்கம். மது விருப்பத்தின் மரபியலைப் படிக்க, சுண்டெலிகளில் அதிகம் குடிக்கும் லைன் (தலைமுறைதோறும் தேர்ந்து வளர்க்கும் வம்சம்) ஒன்றும் குறைவாகக் குடிக்கும் லைன் ஒன்றும் தேர்வுக் கலப்பில் உருவாக்குவதுதான் திட்டம். வரைவு இப்போது இப்படி இருக்கிறது.

சி57பிஎல்/6ஜே (பி6), டிபிஏ/2ஜே (டி2) என்ற இரண்டு உட்கலப்பு ஸ்ட்ரெயின்களையும் (உறவுக்குள்ளேயே கலந்து ஒரே மரபாக்கிய சுண்டெலி வகைகள்) கலந்து எஃப்2 தலைமுறை (அந்தக் கலப்பின் பேரக்குட்டிகள்) எடுப்பது. தனிக் கூண்டில் இரண்டு பாட்டில், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் 10 சதவீத எத்தனால், 4 வாரம். அதிகம் குடித்த 20 சதவீதத்தை ஒரு பக்கமும் குறைவாகக் குடித்த 20 சதவீதத்தை மறுபக்கமும் பிரித்து, பக்கத்துக்கு 10 ஜோடி. பத்துப் பன்னிரண்டு தலைமுறை போன பிறகு இரண்டு லைன்களின் மூளைத் திசுவிலும் ஆர்என்ஏ வரிசைப்படுத்தி, எந்த ஜீன்கள் வேறுபடுகின்றன என்று பார்ப்பது.

எஃப்2 போதுமா, இல்லை எட்டு ஸ்ட்ரெயின் கலந்த ஹெச்எஸ் கூட்டம் வேண்டுமா? ஒரு ஜோடி லைன் போதுமா? எலிகளை மொத்தக் கூட்டத்திலிருந்து தேர்வதா, ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் தேர்வதா? இந்த மூன்றிலும் தெளிவு வேண்டும்.

#2 விதைநெல்

முதலில் தொடக்கக் கூட்டம். தேர்வு எதையும் புதிதாகப் படைப்பதில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஜீன் வடிவங்களின் விகிதத்தைத்தான் நகர்த்துகிறது. கூட்டத்தில் இல்லாத வடிவம் நூறு தலைமுறை போனாலும் லைனில் வராது.

பி6 அதிகம் குடிக்கும், டி2 தொடாது என்பது பழைய செய்தி. மெக்ளர்னும் ரோட்ஜர்ஸும் 1959-இலேயே உட்கலப்பு ஸ்ட்ரெயின்களுக்கு இடையே மது விருப்பம் பெரிதாக வேறுபடுகிறது என்று காட்டிவிட்டார்கள். அந்த இரண்டு முனைகளையும் கலந்த எஃப்2-இல் ஒவ்வொரு இடத்திலும் இரண்டே வடிவம், விகிதம் சரியாக 0.5. தேர்வுக்கு விளைவு வேகமாகக் கிடைக்கும், எந்த வடிவம் எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதிலும் குழப்பம் இருக்காது. பெல்நாப் குழு 1997-இல் போர்ட்லண்டில் இதே பி6டி2 எஃப்2-இலிருந்து குறுகிய காலத் தேர்வு செய்து, மது விருப்பத்தைப் பாதிக்கும் குரோமோசோம் இடங்களைத் தேட அதைப் பயன்படுத்தியது. குறை என்னவென்றால், குரோமோசோம் துண்டுகள் நீளமானவை. ஒரு துண்டுக்குள் நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஒட்டிக்கொண்டே நகரும்.

இன்டியானாவில் கிரஹாம், லீ, லூமெங் 1999-இல் அறிக்கையிட்ட ஹேப், லேப் லைன்கள் (அதிக விருப்பம், குறைந்த விருப்பம்) கொலராடோவின் போல்டரிலிருந்து வந்த ஹெச்எஸ் கூட்டத்தில் தொடங்கியவை. ஏ, ஏகேஆர், பேல்ப்/சி, சி3ஹெச், சி57பிஎல், டிபிஏ, ஐஎஸ்/பிஐ, ஆர்III என எட்டு ஸ்ட்ரெயின் கலந்த கூட்டம் அது. அளந்ததும் நீங்கள் எழுதியதுதான்: 10 சதவீத எத்தனால், தண்ணீர், 24 மணி நேரமும் தடையின்றி, 4 வாரம். தேர்வு அளவு கிராம்/கிலோ (உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்குக் குடித்த எத்தனால்).

நீண்ட காலம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஹெச்எஸ். நான்கைந்து தலைமுறையில் முடித்து குரோமோசோம் இடம் தேடுவதுதான் நோக்கம் என்றால் எஃப்2. எஃப்2-வை எடுத்துப் பன்னிரண்டு தலைமுறை ஓட்டுவதில் இரண்டு முறையின் குறையும் வந்து சேரும், நிறை எதுவும் முழுதாகக் கிடைக்காது.

ஒரே ஜோடி லைனை வைத்து ஆர்என்ஏ ஒப்பீடு செய்ய வேண்டாம். ஏன் என்று கணக்கோடு தனியாக எழுதுகிறேன்.

#3 கூண்டறை

விதைநெல் மரபைச் சொல்லிவிட்டார். நான் பாட்டிலைச் சொல்கிறேன். அளவீட்டில் பிழை இருந்தால் எலியைத் தேர்வதாக நினைத்துக்கொண்டு ஒழுகும் குழாயைத்தான் தேர்ந்துகொண்டிருப்பீர்கள்.

கரைசல்: 95 சதவீத எத்தனாலில் 105.3 மில்லி எடுத்து, தண்ணீர் ஊற்றி 1 லிட்டர் கோடு வரை நிரப்புங்கள். 895 மில்லி தண்ணீரை அளந்து சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் கொள்ளளவு சுருங்கும், மொத்தம் லிட்டருக்குக் கீழே நின்றுவிடும். ஸ்பிரிட் கடைச் சரக்கு, மெத்தனால் கலந்த டினேச்சர்டு சரக்கு எதுவும் கூடாது. சில அப்சல்யூட் ஆல்கஹாலில் பென்சீன் தடம் இருக்கும் என்பதால் 95 சதவீதமே நல்லது. 10 சதவீதம் என்றால் கொள்ளளவுக் கணக்கா எடைக் கணக்கா என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கொள்ளளவில் 10 என்பது எடைக் கணக்கில் 7.9 தான். இரண்டையும் குழப்பினால் கணக்கு கால் பங்கு தவறும்.

குழாய்: கோடு போட்ட 25 மில்லி சிலிண்டர், ரப்பர் அடைப்பான், துருப்பிடிக்காத எஃகு மூக்கு. எல்லா மூக்கும் ஒரே வகையாக இருக்கட்டும். உள்ளே உருளைக் குண்டு உள்ளதும் இல்லாததும் கலந்தால் ஒழுகல் வேறுபடும். மாட்டியவுடன் ஒருமுறை விரலால் தட்டி, மூக்கில் நிற்கும் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். குமிழி நின்றால் எலி நக்கியும் ஒன்றும் வராது. அந்த எலி 'மதுவை வெறுக்கும் எலி' என்று பதிவாகிவிடும்.

எலி இல்லாத வெற்றுக் கூண்டு ஒவ்வொரு ரேக்கிலும் குறைந்தது நான்கு வேண்டும், அதிலும் இரண்டு குழாய். ரேக் அதிர்வு, அறை வெப்ப மாற்றம், ஆவியாதல் மூன்றும் அதில் தெரியும். அந்த இழப்பை ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் கழிக்க வேண்டும்.

இடது வலது மாற்றம்தான் பலரும் அலட்சியம் செய்யும் இடம். ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். எலி 24.0 கிராம். முதல் 2 நாள் எத்தனால் இடப்பக்கம்: எத்தனால் 5.8 மில்லி, தண்ணீர் 1.2. அடுத்த 2 நாள் எத்தனால் வலப்பக்கம்: எத்தனால் 1.4, தண்ணீர் 5.4. மொத்தம் எத்தனால் 7.2, தண்ணீர் 6.6. விருப்ப விகிதம் (குடித்த மொத்தத் திரவத்தில் எத்தனால் கரைசலின் பங்கு) 0.52, நடுத்தரக் குடிகார எலி போலத் தெரிகிறது. ஆனால் பக்கவாரியாகக் கூட்டுங்கள். இடது 11.2, வலது 2.6. இந்த எலிக்கு மதுவும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். இடப்பக்கக் குழாயில்தான் குடிக்கிறது. இதன் 0.52-ஐ உண்மையான 0.52 என்று எடுத்துக்கொண்டால் தேர்வில் வெறும் இரைச்சல்தான் சேரும்.

அதே எலியின் கிராம்/கிலோ: 7.2 × 0.1 × 0.789 = 0.568 கிராம் எத்தனால். நாளுக்கு 0.142. எடை 0.024 கிலோவால் வகுத்தால் 5.9 கிராம்/கிலோ/நாள். வெற்றுக் கூண்டு இழப்பு குழாய்க்கு நாளுக்கு 0.15 மில்லி என்று வையுங்கள். 4 நாளுக்கு 0.6 கழித்தால் 6.6 மில்லி, அதாவது 5.4 கிராம்/கிலோ. அரை கிராம் காற்றில் போனது, எலியின் வாயில் அல்ல.

#4 நரம்புமுடிச்சு

கூண்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அளவு சரியாக வந்தாலும், அளந்தது என்ன என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

பாட்டிலில் இருப்பது எத்தனால் மட்டுமில்லை. எலியின் நாக்குக்கு அது இனிப்பு, கசப்பு, எரிச்சல் மூன்றும் கலந்த திரவம். பி6 எலிகள் இனிப்பையும் விரும்புபவை. நாலாம் குரோமோசோமின் கடைக்கோடியில் உள்ள இனிப்பு ஏற்பி ஜீன் டாஸ்1ஆர்3 ஸ்ட்ரெயின்களுக்கிடையே வேறுபடுகிறது. இதைக் கவனிக்காமல் தேர்ந்தால் உங்கள் 'மது விருப்ப' லைன் பாதி இனிப்பு விருப்ப லைனாக இருக்கும். இன்டியானாவின் பி என்ற பெரிய எலி லைனும் மதுவோடு இனிப்பையும் அதிகம் குடிப்பதுதான்.

டி2 எலி இதற்கு நல்ல எச்சரிக்கை. பாட்டிலில் கொடுத்தால் டி2 தொடாது. ஆனால் ஊசியில் எத்தனால் கொடுத்து, கொடுத்த இடத்தோடு அது தன்னைப் பழக்கிக்கொள்கிறதா என்று பார்த்தால் (இட விருப்பச் சோதனை), அந்த இடத்தை வலுவாக நாடுவது டி2 தான். பி6 அந்தச் சோதனையில் அவ்வளவாக அசையாது. டி2-வின் மூளைக்கு எத்தனால் பிடிக்காமல் இல்லை, வாய்க்குத்தான் பிடிக்கவில்லை என்று கொள்ள இடமிருக்கிறது. பாட்டில் சோதனை இந்த இரண்டையும் ஒரே எண்ணில் மூடிவிடுகிறது.

அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் முழுக் கூட்டத்துக்கும் வேண்டாம், மூன்று நான்கு தலைமுறைக்கு ஒருமுறை, எத்தனாலே பார்க்காத உடன்பிறப்புகளுக்கு சாக்கரின் (இனிப்பு), குயினைன் (கசப்பு) இரண்டும் தனித்தனியாக இரண்டு பாட்டிலில் கொடுத்துப் பாருங்கள். எத்தனால் குடித்த எலிக்கு அதே சோதனை செய்தால் அனுபவமும் கலந்துவிடும். லைன்கள் சாக்கரினில் பிரிந்து குயினைனில் பிரியாவிட்டால், எங்கே தேட வேண்டும் என்று உடனே தெரியும்.

#5 செவ்வானம்

நன்றி. இரண்டு சந்தேகம். கிராம்/கிலோவா, விருப்ப விகிதமா, தேர்வுக்கு எதை எடுப்பது? நிறையக் குடிப்பதுதான் மனித நோய்க்கு அருகில் என்றால், 24 மணி நேர இரண்டு பாட்டில் முறையே போதுமா?

#6 நரம்புமுடிச்சு

கிராம்/கிலோ. விகிதம் ஒன்றுக்கு மேல் போக முடியாது. அதிக லைன் 0.9-ஐத் தொட்டவுடன் எலிகளைத் தரம் பிரிக்க இடமே இருக்காது. கிராம்/கிலோவுக்கு அந்தக் கூரை இல்லை. ஆனால் அதில் வேறொரு பொறி உண்டு: எடை. உடல் சிறியதாக இருந்தால் கிலோவுக்கான அளவு தானாக உயரும். தேர்வு குடிப்பழக்கத்தை நகர்த்தாமல் உடலைச் சிறிதாக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு லைனின் சராசரி எடையையும், மொத்தத் திரவ அளவையும் குடிப்பு வரைபடத்துக்குப் பக்கத்திலேயே வரையுங்கள். ஆண், பெண்ணைத் தனித்தனியாகத் தரவரிசைப்படுத்துங்கள். பெண் எலிகள் கிலோவுக்கு அதிகம் குடிக்கும் என்பதால் கலந்து வரிசைப்படுத்தினால் மேலே பெண்களே நிற்கும்.

இரண்டாவது கேள்வி முக்கியம். நாள் முழுக்கச் சிறுசிறு மடக்காக 10 கிராம்/கிலோ குடிக்கும் எலியின் ரத்தத்தில் எந்த நேரமும் பெரிய அளவு இருக்காமல் போகலாம். எலியின் கல்லீரல் வேகமானது. இதனால்தான் 2005-இல் ரோட்ஸ் குழு இருட்டுக் குடிப்பு முறையைக் கொண்டுவந்தது. விளக்கணைந்து 3 மணி நேரம் கழித்து, தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பதில் 20 சதவீத எத்தனால் ஒரே பாட்டிலில். மூன்று நாள் 2 மணி நேரம், நாலாம் நாள் 4 மணி நேரம், முடிந்தவுடன் ரத்தம். பி6 எலிகள் இதில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும். கிராப் குழு இந்த ரத்த அளவையே தேர்வு அளவாக வைத்து எச்டிஐடி (இருட்டில் அதிகம் குடிக்கும்) லைன்களை உருவாக்கியது, இரண்டு பிரதிகளாக (ஒன்றோடொன்று கலக்காத தனித்தனி லைன்களாக). குறைந்த லைன் எதுவும் அவர்கள் எடுக்கவில்லை. தொடக்கக் கூட்டமே தரையில் கிடந்தது, அதற்குக் கீழே போக இடமில்லை. ஒப்பிடத் தேர்வில்லாத ஹெச்எஸ் கூட்டத்தை வைத்துக்கொண்டார்கள்.

இது உங்களுக்கும் பொருந்தும். தொடக்கச் சராசரி 3 கிராம்/கிலோ என்றால் குறைந்த லைன் சீக்கிரம் சுழியில் முட்டி நிற்கும். அதைத் 'தேர்வுக்குப் பதில் இல்லை' என்று படிக்கக்கூடாது.

இரண்டு பாட்டில் முறையில் ரத்தம் ஏறவே ஏறாது என்றும் சொல்ல முடியாது. ஹேப்1, ஹேப்2 இரண்டையும் கலந்து மேலும் தேர்ந்த குறுக்குக்கலப்பு ஹேப் எலிகள் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நாளுக்கு 20 கிராம்/கிலோவைத் தாண்டிக் குடித்தன, ரத்தத்தில் 250 மில்லிகிராமுக்கு மேல் போனது. அங்கே போய்ச் சேரப் பல ஆண்டுத் தேர்வும் இரண்டு தனி லைன்களில் சேர்ந்த வடிவங்களும் வேண்டியிருந்தன.

#7 விதைநெல்

சொன்னபடி கணக்கு.

10 ஜோடி என்றால் 20 பெற்றோர். மொத்தக் கூட்டத்திலிருந்து தேர்ந்தால் செயல்படும் கூட்ட அளவு (மரபுக் கணக்கில் எத்தனை பெற்றோருக்குச் சமம் என்பது) அதிகபட்சம் 20. நல்ல எலிகள் ஒரே ஈத்திலிருந்து வருவதால் உண்மையில் அதற்கும் கீழே. உட்கலப்பு (உறவினர் கலப்பால் ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வருவது) தலைமுறைக்கு 1/(2×20), அதாவது 2.5 சதவீதம். குடும்பத்துக்கு ஒரு ஆண், ஒரு பெண் என்று கட்டாயப்படுத்தினால் செயல்படும் அளவு இரட்டிப்பாகி 40 ஆகும், உட்கலப்பு 1.25 சதவீதம். உட்கலப்புக் கெழு 0.25-ஐத் தொட முதல் முறையில் சுமார் 11 தலைமுறை, இரண்டாவதில் 23.

இப்போது ட்ரிஃப்ட், அதாவது தற்செயல் விலகல். மது விருப்பத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு ஜீன், தொடக்க விகிதம் 0.5. உட்கலப்பு 0.25 ஆனபோது ஒவ்வொரு லைனிலும் அந்த விகிதத்தின் திட்ட விலக்கம் 0.25. இரண்டு லைனுக்கும் இடையிலான வேறுபாட்டின் திட்ட விலக்கம் 0.35. அதாவது ஒரு லைனில் 0.7, மறு லைனில் 0.35 என்று நிற்பது சாதாரணம். தேர்வு அதைத் தொடவே இல்லை. மரபணுத் தொகுப்பு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் இருக்கும். உங்கள் ஆர்என்ஏ பட்டியலில் அவை அத்தனையும் 'மது ஜீன்' என்று வந்து உட்காரும். ஒரு ஜோடி லைனில் தேர்வையும் தற்செயலையும் பிரிக்க வழியே இல்லை. எத்தனை எலியின் மூளையை எடுத்தாலும் லைனின் எண்ணிக்கை ஒன்றுதான்.

இரண்டாவது ஜோடி, அதே தொடக்கக் கூட்டத்திலிருந்து, முதல் ஜோடியோடு ஒருபோதும் கலக்காமல். அப்போதும் சும்மா கிடக்கும் ஜீன் இரண்டு பிரதியிலும் ஒரே திசையில் விலக வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே 'இரண்டிலும் ஒரே பக்கம்' என்பது மட்டும் சான்றாகாது, விலகலின் அளவும் இரண்டிலும் பெரிதாக இருக்க வேண்டும். துணைப் பண்புகளுக்கும் இதே விதி. ஒரு பிரதியில் மட்டும் பதற்றம் வேறுபட்டால் அதை மதுவோடு முடிச்சுப் போடாதீர்கள்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்கிறேன். சராசரி 6, திட்ட விலக்கம் 3 கிராம்/கிலோ, மரபுவழிப் பங்கு (எலிக்கு எலி உள்ள வேறுபாட்டில் மரபால் வரும் பகுதி) 0.2 என்று வையுங்கள். கூட்டத்தில் மேல் 20 சதவீதத்தைத் தேர்ந்தால் தேர்வுச் செறிவு (தேர்ந்தவற்றின் சராசரி கூட்டச் சராசரிக்கு எத்தனை திட்ட விலக்கம் மேலே என்பது) 1.40, தலைமுறைக்கு 1.40 × 3 × 0.2 = 0.84 கிராம் உயர்வு. குடும்பத்துக்குள் நாலு ஆணில் ஒன்று, நாலு பெண்ணில் ஒன்று என்றால் செறிவு 1.03. உடன்பிறப்புகளுக்குள் கிடைப்பது மரபு வேறுபாட்டின் பாதி மட்டுமே என்பதால் உயர்வு 0.33-க்கு அருகில். வேகம் பாதிக்கும் கீழே, ட்ரிஃப்டும் பாதி.

#8 நரம்புமுடிச்சு

இங்கே எனக்கு விதைநெல்லோடு சிறு வேறுபாடு. குடும்பத்துக்குள் தேர்வு எப்போதும் உயர்ந்தது என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. எஃப்2-இலிருந்து நாலே தலைமுறை மொத்தத் தேர்வு என்றால் உட்கலப்பு 10 சதவீதத்துக்குள் நிற்கும், தேர்வு வேகம் முழுதாகக் கிடைக்கும். குரோமோசோம் இடத்தைத் தேடுபவர்களுக்கு அது நல்ல பேரம். பி6, டி2 கலப்பில் இரண்டாம் குரோமோசோமின் இடம் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தது. எஸ்டிஎக்ஸ்பிபி1 என்ற ஜீனை அங்கே வேட்பாளராகச் சொன்னார்கள். ஆணுக்கு ஓர் இடம், பெண்ணுக்கு ஓர் இடம் என்று பிரிந்து வந்ததும் உண்டு: மெலோ குழு 1996-இல் இரண்டாம் குரோமோசோமில் ஆணுக்கும் பதினொன்றாம் குரோமோசோமில் பெண்ணுக்கும் காட்டியது. ஒரே பாலில் மட்டும் தேர்வு செய்து வேலையைச் சுருக்கலாம் என்று யாராவது நினைத்தால் இதை நினைவில் வையுங்கள்.

#9 விதைநெல்

ஏற்கிறேன். இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: ஒரே ஈத்துக் குட்டிகள் தாயால் ஒத்துப்போனால் (பால், கூட்டின் சூடு, குட்டி எண்ணிக்கை) மொத்தத் தேர்வு நல்ல ஜீனைத் தேராமல் நல்ல தாயைத் தேரும். அந்த இடத்தில் குடும்பத்துக்குள் தேர்வு தாயின் தாக்கத்தை வெட்டிவிடும். உங்கள் தொடக்கக் கூட்டத்தில் ஈத்துக்கு ஈத்து வேறுபாடு எவ்வளவு என்று முதல் தலைமுறையிலேயே பிரித்துப் பாருங்கள், முடிவு தானாக வரும்.

#10 கூண்டறை

தாய் என்றதும் முக்கியமானது ஒன்று. தேர்வுக் கலப்பில் பலரும் காணாமல் விடுவது.

சோதனை முடிந்த எலிகளைத்தானே ஜோடி சேர்க்கிறீர்கள். அதிக லைன் தாய் 4 வாரம் நாளுக்கு 10, 12 கிராம்/கிலோ குடித்தவள். குறைந்த லைன் தாய் ஒன்றுமே குடிக்காதவள். அடுத்த தலைமுறைக் குட்டிகள் வேறுபட்டால் ஜீனா, தாய் உடல் பட்ட மதுவா? குறைந்தபட்சம் 2 வாரம் எத்தனால் இல்லாமல் வைத்துப் பிறகு சேருங்கள். சினைக் காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் கூண்டில் எத்தனால் வாசனைகூட இருக்கக்கூடாது, பாட்டில் மாறி மாட்டுவது நடக்கும் ரேக்கில் சினை எலியை வைக்காதீர்கள். ஐந்தாறு தலைமுறைக்கு ஒருமுறை இருவழிக் கலப்பு செய்து பாருங்கள்: அதிக லைன் தாய் × குறைந்த லைன் தந்தை, அப்புறம் தலைகீழாக. இரண்டு வகைக் குட்டிகளும் ஒரே அளவு குடித்தால் தாய்த் தாக்கம் சிறிது. பிரிந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்த ஜீன் முடிவையும் நம்பாதீர்கள்.

காலக் கணக்கு இப்படி வரும். சினை 19 முதல் 21 நாள், பால் மறக்கடிப்பது 21-ஆம் நாள், 60 நாள் வயதில் தனிக்கூண்டு, ஒரு வாரம் பழக்கம், 4 வாரம் சோதனை, 2 வாரம் இடைவெளி. 110 நாளில் ஜோடி. தலைமுறைக்குச் சுமார் 130 நாள், ஆண்டுக்கு மூன்று தலைமுறைக்குக் கொஞ்சம் கீழே. வயதைத் தளர்த்தாதீர்கள். வளரிளம் எலிகள் வேறு மாதிரிக் குடிக்கும். பால் மறக்கடித்த தேதி ஈத்துக்கு ஈத்து பத்து நாள் தள்ளினால் அதுவே சோதனையில் வேறுபாடாக வந்து நிற்கும்.

கூண்டுக் கணக்கு: அதிகம் இரண்டு, குறைவு இரண்டு, லைனுக்கு 10 குடும்பம், குடும்பத்துக்கு 6 குட்டி. 240 தனிக்கூண்டு, 480 குழாய், வெற்றுக் கூண்டுகள் தனி. விதைநெல்லின் 'நாலில் ஒன்று' வேண்டுமென்றால் குடும்பத்துக்கு 8 குட்டி, 320 கூண்டு. முதல் ஈத்து சிறிதாக இருந்தால் இரண்டாம் ஈத்தையும் சேர்க்க வேண்டியிருக்கும், அப்போது ஈத்து எண்ணைப் பதிவில் எழுதுங்கள். 10 குடும்பம் வேண்டுமென்றால் 12 ஜோடி போடுங்கள். ஒன்றிரண்டு ஜோடி ஈனாது, ஒன்றிரண்டு தாய் குட்டியைத் தின்றுவிடும். சுற்றுமுறைக் கலப்பு அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கட்டும்: 1-ஆம் குடும்ப ஆண் 2-ஆம் குடும்பப் பெண்ணுக்கு, 2-ஆம் குடும்ப ஆண் 3-க்கு, கடைசி ஆண் 1-க்கு. உடன்பிறப்பு ஜோடி தற்செயலாகக்கூட அமையாது.

தனிக்கூண்டு எலிக்கு அழுத்தம்தான். கூடு கட்டப் பஞ்சுச் சதுரமும் ஒளிந்துகொள்ள ஒரு குழாயும் எல்லாக் கூண்டிலும் ஒரே மாதிரி வையுங்கள். பாதி ரேக்கில் மட்டும் வைத்தால் அது இன்னொரு மாறியாகிவிடும்.

#11 செவ்வானம்

கட்டுப்பாட்டு லைன் என்று தேர்வில்லாத கூட்டம் ஒன்று அவசியமா? 240 கூண்டுக்கு மேல் இடமில்லை.

#12 விதைநெல்

இருந்தால் நல்லது. தீவனக் கொள்முதல் மாறும், பருவம் மாறும், பாட்டில் மாட்டும் ஆள் மாறுவார். ஏழாம் தலைமுறையில் இரண்டு லைனும் சேர்ந்து 2 கிராம் இறங்கினால் அது தேர்வின் விளைவில்லை. இடமில்லையென்றால் அதிகம் கழித்தல் குறைவு என்ற வேறுபாட்டை மட்டும் தலைமுறைவாரியாக வரையுங்கள், எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். மரபுவழிப் பங்கையும் அப்படியே கணக்கிடலாம்: குவிந்த வேறுபாட்டை குவிந்த தேர்வு வித்தியாசத்தால் (பெற்றோராகத் தேர்ந்தவற்றின் சராசரிக்கும் கூட்டச் சராசரிக்கும் உள்ள இடைவெளியால்) வகுத்தால் போதும். கணக்கிடுமுன் கிராம்/கிலோவை மடக்கையிலோ வர்க்கமூலத்திலோ மாற்றிப் பாருங்கள், வால் நீண்ட பரவல் அது.

#13 நரம்புமுடிச்சு

ஜீன் கண்டுபிடிப்பு வரை போகிறவர்களுக்கு பி பெரிய எலி லைனின் கதை பாடம். இன்டியானாவில் விஸ்டார் கூட்டத்திலிருந்து பி (மதுவை விரும்பும்), என்பி (விரும்பாத) என்று ஒரே ஒரு ஜோடி லைன். 2013-இல் சோ குழு ஜிஆர்எம்2 என்ற குளூட்டமேட் ஏற்பி ஜீனில், 407-ஆவது இடத்தில் புரதத்தைப் பாதியில் வெட்டும் நிறுத்தக் குறியீட்டைக் கண்டது. பி எலிகள் அத்தனையிலும் இருந்தது, என்பி எலிகளில் இல்லை. கேட்டவுடன் 'இதுதான் மது ஜீன்' என்று தோன்றும். ஆனால் அதே மாற்றம் மதுவுக்காகத் தேர்ந்தெடுக்கப்படாத விஸ்டார் கூட்டங்களிலும் இருக்கிறது. தொடக்கக் கூட்டத்திலேயே இருந்த வடிவம் தற்செயலாக ஒரு லைனில் நிலைத்திருக்கவும் முடியும். லைன் ஒப்பீடு மட்டும் இந்தக் கேள்வியைத் தீர்க்காது. அதனால்தான் அவர்கள் அந்த ஏற்பியை மருந்தால் தடுத்தபோதும், ஜிஆர்எம்2 நீக்கிய சுண்டெலியிலும் குடிப்பு உயர்கிறதா என்று தனியாகப் பார்த்தார்கள். அந்த இரண்டாம் படி இல்லாத பட்டியலை நான் வெளியிடச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. பி6-க்கு பதில் பி6என் எடுத்துவிடாதீர்கள். ஜே கிளையும் என் கிளையும் பிரிந்து பல பத்தாண்டுகள் ஆயிற்று, ஜே கிளை அதிகம் குடிக்கும். விற்பவரின் பட்டியலில் கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

#14 செவ்வானம்

வரைவைத் திருத்தினேன். ஹெச்எஸ் கூட்டம். அதிகம் இரண்டு, குறைவு இரண்டு. லைனுக்கு 12 ஜோடி போட்டு 10 குடும்பம் எடுப்பது, குடும்பத்துக்குள் தேர்வு, சுற்றுமுறைக் கலப்பு. ஆண் பெண் தனித்தனி வரிசை, கிராம்/கிலோ. எடையும் மொத்தத் திரவமும் ஒரே வரைபடத்தில். மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கரின், குயினைன். ஆறாம் தலைமுறையில் இருவழிக் கலப்பு. ஆர்என்ஏ வேலை இரண்டு பிரதியிலும். கிராம்/கிலோ கணக்கிட 4 வாரத்தில் எந்த நாட்களை எடுப்பது?

#15 கூண்டறை

நான்கு வாரமும். ஆனால் 2 நாளுக்கு ஒருமுறை வாசித்து, பக்கம் மாற்றி, எத்தனாலை 4 நாளுக்கு ஒருமுறை புதிதாக நிரப்புங்கள். பழைய கரைசல் மேலே ஊற்றி நிறைக்க வேண்டாம், செறிவு இறங்கியிருக்கும். இடப்பக்க நாட்களும் வலப்பக்க நாட்களும் சரிசமமாக இருக்க வேண்டும். 28 நாளில் 2 நாள் வீதம் 14 வாசிப்பு, 7 இடது, 7 வலது, சரியாக வரும். ஒரு வாசிப்பு ஒழுகலால் போனால் அதன் எதிர்ப்பக்க ஜோடி வாசிப்பையும் சேர்த்து நீக்குங்கள், ஒன்றை மட்டும் நீக்கினால் பக்கவாதம் கணக்கில் நுழையும். ஒழுகியதா குடித்ததா என்று சந்தேகம் வந்தால் மூக்குக்கு நேர் கீழே படுக்கையைத் தொட்டுப் பாருங்கள். 25 கிராம் எலி 2 நாளில் 16 மில்லி குடித்ததாகக் குழாய் சொல்லி, கீழே மரத்தூள் ஈரமாகக் கட்டியிருந்தால், அந்த மூக்கை அன்றே மாற்றுங்கள்.

#16 விதைநெல்

#15-இல் 'பக்கவாதம்' என்றிருப்பதைப் 'பக்கச் சார்பு' என்று வாசிக்கவும், மருத்துவச் சொல்லோடு குழம்பும். மற்றபடி அந்த ஜோடி நீக்க விதியைப் பதிவுத் தாளின் தலைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள். எந்த எலி எந்த லைன் என்பது வாசிப்பவருக்குத் தெரியாமல், கூண்டு அட்டையில் எண் மட்டும் இருக்கட்டும்.